எலும்புக்குள் ஒரு வெளிச்சம்: உட்செவிக் கால்வாய்ப் படத்தை வாசிக்கக் கற்ற வரலாறு

மனித மண்டையோட்டின் அடித்தளத்தில், காதுக்கு நேர் உள்ளே, உடலின் எலும்புகளிலேயே மிகவும் இறுகியது எனச் சொல்லப்படும் பகுதி ஒன்று உண்டு. அதன் கடினத்தைக் கண்ட பழைய உடற்கூற்றியலாளர்கள் அதற்குப் பாறை என்றே பெயர் வைத்தனர். அந்தப் பாறையைக் குடைந்துகொண்டு மூளைப் பக்கத்திலிருந்து காதை நோக்கிச் செல்லும், ஏறத்தாழ 1 செ.மீ. நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட சிறு சுரங்கமே உட்செவிக் கால்வாய். மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரே இதனுள்ளும் நிரம்பியிருக்க, அந்நீரில் நான்கு நரம்புகள் மிதந்தபடி காதின் பக்கம் செல்கின்றன. கால்வாயின் கடைமுனையில் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய எலும்பு வரம்பு ஒன்று அதை மேல் கீழ் என இரண்டாகப் பிரிக்கிறது. மேலறையின் முன்பக்கத்தில் முகத்தை அசைக்கும் முகநரம்பும், அதற்கு நேர் கீழே ஒலியைக் கொண்டுசெல்லும் கேள்நரம்பும், பின்பக்கத்தில் மேலும் கீழுமாக உடலின் சமநிலையைக் காக்கும் இரு நரம்புகளும் அமைகின்றன. விரல்நுனியில் அடங்கிவிடும் இந்த இடத்தில் ஒரு கட்டி தோன்றினால் காது கேளாமையும் இரைச்சலும் தலைச்சுற்றலும் உண்டாகும். அது வளர்ந்து மூளைத்தண்டை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இன்று இக்கால்வாயை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படமெடுப்பில் பார்க்கிறார்கள். காடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தைச் சிரையில் ஊசியாக ஏற்றிய பின் எடுக்கும் படத்தில் சில இடங்கள் முன்னிலும் வெளுத்துத் தெரியும். மருத்துவர்கள் என்ஹான்ஸ்மென்ட் என்று குறிப்பிடும் இதை ஒளிர்வு எனலாம். கட்டி ஒளிரும், அழற்சியும் ஒளிரும், நோயே இல்லாத நல்ல உடலிலும் சில இடங்கள் தம் இயல்பாலேயே ஒளிரும். இந்த மூன்றாவது வகையைப் பிரித்தறிய மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது மிக அண்மையில்தான். அதுவும் நோயைப் பற்றிய நூல்கள் அலமாரிகளை நிறைத்த பின்னரே, இயல்பு எது என்ற கேள்வி எழுந்தது.

கால்வாயின் வரலாறு பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் தொடங்குகிறது. பாதுவா நகரில் கற்பித்த கப்ரியேலே ஃபலோப்பியோ, 1561-இல் வெளியிட்ட தம் உடற்கூற்று நூலில், முகநரம்பு எலும்புக்குள் வளைந்து வளைந்து செல்லும் குழாயை விவரித்தார். அக்குழாய் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உட்செவிக் கால்வாயின் கடைமுனையைக் கடந்ததும் முகநரம்பு மிகக் குறுகலான ஒரு பாதையில் நுழைந்து, முழங்கால் மடங்குவது போல ஓரிடத்தில் சட்டென்று பின்னோக்கித் திரும்புகிறது. அந்த மடக்கில் நரம்புச் செல்கள் திரண்ட ஒரு முடிச்சு இருப்பதால் அதற்கு முழங்கால் முடிச்சு என்று பெயர். அங்கிருந்து நடுச்செவியின் சுவரோரமாகச் சென்று, காதுக்குப் பின்னுள்ள எலும்பின் வழியாகக் கீழிறங்கி, காதுமடலுக்கு அடியில் வெளிவந்து முகத்தில் கிளைவிரிக்கிறது. இந்தப் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இரத்த ஓட்ட அமைப்பு உண்டு என்பது பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கெல்லாம் திறவுகோல் ஆனது. ஃபலோப்பியோவின் காலத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தக் காரணமும் இல்லை.

செவிநரம்பில் வளர்ந்த கட்டியைப் பிணப்பரிசோதனையில் கண்டு முதன்முதலில் பதிவு செய்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரத்து எடுவார்ட் சாண்டிஃபோர்ட், ஆண்டு 1777. உயிரோடிருக்கும் நோயாளியிடம் இதைக் கண்டறிவதற்கு அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-இல் செவிநரம்புக் கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அறிகுறிகள் எந்த வரிசையில் வரும், முதலில் கேள்திறன் குறைந்து பின் நடை தள்ளாடி இறுதியில் பார்வை மங்குவது எப்படி என்பதையெல்லாம் அந்நூல் நுணுக்கமாகச் சொல்கிறது. கட்டி அவ்வளவு பெரிதான பிறகே நோயாளிகள் அறுவை மேசைக்கு வந்து சேர்ந்தனர் என்பதும் அதிலிருந்தே விளங்கும்.

எக்ஸ்கதிர் 1895-இல் கண்டறியப்பட்டது. எலும்பை மட்டும் நன்றாகக் காட்டும் அக்கதிருக்கு, நீரில் மிதக்கும் நரம்பு தெரியவே தெரியாது. எனவே எலும்பின் தோற்றத்திலிருந்து நரம்பின் நிலையை ஊகிக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்டென்வர்ஸ் 1917-இல் தலையைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து வைத்துப் படமெடுக்கும் முறையை வகுத்தார். பாறை எலும்பு முழு நீளத்துக்கும் விரிந்து தெரியும் அப்படத்தில், ஒரு பக்கக் கால்வாய் மறுபக்கத்தைவிட அகன்றிருந்தால் உள்ளே கட்டி இருக்கலாம் என்று கணித்தனர். இங்குதான் முதல் தடுமாற்றம் நேர்ந்தது. நலமான மனிதர்களிலும் இரு பக்கக் கால்வாய்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடு வரை இயல்பு, எதற்கு மேல் ஐயம் என்று அளந்து வகுப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

தமிழ்நாட்டில் இந்தக் கலை சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேரூன்றியது. கேப்டன் பார்னார்டின் முயற்சியால் 1934-இல் அங்கே எழுந்த பார்னார்ட் கதிரியல் நிலையம், தென்னிந்தியாவின் பல தலைமுறைக் கதிரியல் மருத்துவர்களுக்குத் தாய்வீடு ஆயிற்று. மூளையையும் நரம்பையும் அறுவை செய்யும் தனித்துறை இந்தியாவில் முதன்முதலாக 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்துறையை அமைத்தார். மதுரையில் 1940-இல் திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்டு, பிற்காலத்தில் அரசு இராஜாஜி மருத்துவமனையாகப் பெயர் மாறிய பெரிய ஆஸ்பத்திரியே சுற்றுவட்டாரம் முழுமைக்கும் கடைசிப் புகலிடம். 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி அதனோடு இணைந்தது.

பேரையூர் வட்டத்தில், உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த எழுமலை போன்ற பேரூரிலிருந்து பார்த்தால், இந்த ஆண்டுகளின் பொருள் இன்னும் தெளிவாகும். எழுமலைக்காரர் ஒருவருக்கு 1950-களில் ஒரு காது மெல்ல மந்தமாகி, நடை தள்ளாடத் தொடங்கியிருந்தால், உசிலம்பட்டி போய் மதுரைக்கு வண்டி ஏறி, அங்கிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்பப்பட்டால்தான் அவருக்கு அறுவை கிடைத்திருக்கும். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பயணமே பெருஞ்செலவு. காது மந்தத்தை வயதின் விளைவென்று விட்டுவிடுவதும் ஊர்ப்புறத்தில் இயல்பாக இருந்தது. குஷிங்கின் நூல் சொல்லும் பிந்திய அறிகுறிகளோடு நோயாளிகள் வந்ததற்கு அறியாமையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது, தொலைவும் காரணம்.

எலும்பின் நிழலை வைத்து ஊகிக்கும் முறைக்கு அடுத்து வந்தது, கால்வாயையே மருந்தால் நிரப்பிப் பார்க்கும் முறை. மயோடில் என்னும் எண்ணெய் வடிவ அயோடின் மருந்தை முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தி, நோயாளியைச் சாய்த்துக் கிடத்தினால் அது தலைப்பக்கம் ஓடிக் கால்வாய்க்குள் புகும். நிரம்பினால் நலம், நிரம்பாமல் நின்றால் கட்டி என்பது கணக்கு. ஆனால் கால்வாய் இயல்பிலேயே குறுகியிருந்தாலும் மருந்து நிற்கும். பழைய அழற்சியால் உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நிற்கும். மூளைத்தண்டின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி உட்செவிக்கு இரத்தம் தரும் முன்-கீழ்ச் சிறுமூளைத் தமனி, பலரிடம் ஒரு வளையமாகக் கால்வாயின் வாயருகே வந்து திரும்புகிறது. சிலரிடம் உள்ளேயே புகுந்து திரும்புகிறது. அந்த வளையமும் மருந்தின் வழியை மறித்துக் கட்டியைப் போலத் தோற்றம் காட்டியது. இரண்டாம் தடுமாற்றமும் முதலாவதைப் போன்றதே: கருவி புதிது, இயல்பின் கணக்கு இன்னும் எடுக்கப்படவில்லை.

காடோலினியத்தின் கதையைச் சொல்லும் முன், அது ஏன் சில இடங்களில் மட்டும் தங்குகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1885-இல், சாயங்களை விலங்குகளின் இரத்தத்தில் ஏற்றியபோது, உடலின் உறுப்புகளெல்லாம் சாயமேற மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்ததைக் கண்டார். மூளைக்குச் சாயத்தின்மேல் நாட்டமில்லை என்று அவர் விளக்கம் தந்தார், அது தவறு. அவரிடம் பயின்ற எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தைத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்தியபோது மூளை நன்றாகவே நிறமேறியது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒரு தடுப்பு இருக்கிறது, அது இரத்தத்தில் உள்ளதை எளிதில் வெளியே விடுவதில்லை என்பது இவ்வாறு துலங்கத் தொடங்கியது. நரம்புகளின் உட்புறத்திலும் அதையொத்த தடுப்பு உண்டு. நரம்பை வெளியிலிருந்து போர்த்தியிருக்கும் உறையின் இரத்தக் குழாய்களிலும், நரம்பு முடிச்சுகளிலும் அந்தத் தடுப்பு இல்லை அல்லது வலுவற்றது.

காந்தப் படமெடுப்பின் அடிப்படையைப் பால் லாட்டர்பர் 1973-இல் வெளியிட்டார். அவரும் பிரிட்டனின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எக்ஸ்கதிர் எலும்பைக் காட்டியதற்கு நேர்மாறாக, இதில் எலும்பு கறுத்து மறைந்து, நீரும் நரம்பும் முன்னே வந்தன. பாறைக்குள் இருந்ததைப் பாறையை விலக்கிக் காட்டிய முதல் கருவி இதுவே. காடோலினியம் வலிய காந்தத்தன்மை உள்ள உலோகம், தனித்திருந்தால் நஞ்சு. பெர்லின் ஷெரிங் நிறுவனத்தின் ஹான்ஸ் யோவாகிம் வைன்மனும் அவரோடு பணியாற்றியவர்களும், அதை ஒரு வேதிப்பிடிக்குள் பூட்டி, சிறுநீர் வழியே வெளியேறும் மருந்தாக்கினர். அமெரிக்காவில் 1988-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 12 மி.லி. போதும். இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி 1986-இல் தில்லியில் பாதுகாப்புத் துறையின் அணு மருத்துவ ஆய்வு நிலையத்தில் நிறுவப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு நகரங்களுக்கு அது பரவியது அதற்குப் பிந்திய ஆண்டுகளில்.

காடோலினிய மருந்தின் வெற்றி பெரிது. சில மில்லிமீட்டரே உள்ள செவிநரம்புக் கட்டியும் கறுப்புப் பின்னணியில் வைரத்துணுக்கு போல மின்னியது. குஷிங்கின் காலத்தில் மூளைத்தண்டை அழுத்திய பின் தெரிந்தது, இப்போது கால்வாய்க்குள்ளேயே இருக்கும்போது தெரிந்தது. அந்த வெற்றியே அடுத்த தடுமாற்றத்துக்கு வித்திட்டது. ஒளிர்வது நோய் என்ற எண்ணம் கண்ணில் ஊறிவிட்டது. ஒரே இரவில் முகத்தின் ஒரு பாதி தளர்ந்து வாய் கோணும் முகவாதத்தில், அதாவது பெல்ஸ் பால்சி என மருத்துவர் கூறும் நோயில், முகநரம்பு ஒளிர்வதை 1980-களின் பிற்பகுதியில் டானியல்ஸ் உள்ளிட்ட அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். முகவாத நோயாளிகளின் படங்களை எடுத்துப் பார்க்கப் பார்க்க ஒளிர்வு தெரிந்துகொண்டே இருந்தது. நோயற்றவரின் முகநரம்பு எப்படித் தெரியும் என்பதற்கு மட்டும் ஒப்பிடத் தக்க படங்கள் போதவில்லை. நலமானவரின் படத்தை எடுத்து ஆராய யார் பணம் கொடுப்பார்கள், எந்த இதழ் ஆவலோடு வெளியிடும் என்ற நடைமுறைக் கேள்வியை இங்கே ஒதுக்கிவிட முடியாது.

அக்குறையைத் தீர்த்தது 1992-இல் ரேடியாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெபார்ஸ்கி, டெலியன், நிபார்கோ மூவரும், முகநரம்புக் கோளாறு ஏதும் இல்லாதவர்களின் படங்களைப் பார்த்து, அவற்றை உடற்கூற்று அமைப்போடு ஒப்பிட்டனர். நான்கில் மூன்று பங்கு அளவிலான நலமான முகநரம்புகளில் ஏதேனும் ஒரு பகுதி ஒளிர்ந்தது. ஒளிர்ந்த இடங்கள் தற்செயலானவை அல்ல: முழங்கால் முடிச்சு, நடுச்செவியை ஒட்டிய பகுதி, காதுக்குப் பின் கீழிறங்கும் பகுதி ஆகியவை. ஒளிராதவை: மூளைக்கும் எலும்புக்கும் இடையே நீரில் கிடக்கும் பகுதி, உட்செவிக் கால்வாய்க்குள் செல்லும் பகுதி, அதை அடுத்த குறுகலான பாதை ஆகியவை. ஃபலோப்பியோவின் குழாயில் முழங்கால் முடிச்சுக்கு அப்பால், நரம்பைச் சுற்றித் தமனிகளும் சிரைகளும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அப்பின்னலில் தடுப்பு இல்லாததால் மருந்து அங்கே தங்கி ஒளிர்கிறது. குறுகலான பாதையில் அந்தப் பின்னலுக்கு இடமே இல்லை. கால்வாய்க்குள் செல்லும் நரம்பையோ வெறும் நீர்தான் சூழ்ந்திருக்கிறது. ஒளிர்ந்தது நரம்பின் போர்வையே என்பது அப்போது தெளிவாயிற்று.

இதிலிருந்து பிறந்த விதி எளியது, பல பாடநூல்களைவிடப் பயனுள்ளது. முழங்கால் முடிச்சிலும் அதற்கு அப்பாலும் மெல்லிய ஒளிர்வு தெரிந்தால், ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்று மிகுந்திருந்தாலும், அதை இயல்பாகக் கொள்ளலாம். கால்வாயின் கடைமுனையிலோ அதை அடுத்த குறுகலிலோ ஒளிர்வு தெரிந்தால் காரணம் தேட வேண்டும். முகவாதத்தில் நரம்பு வீங்கி நெரிபடும் இடம் அந்தக் குறுகல் வாயிலேயே அமைவதால், கடைமுனையில் கொத்தாகத் தெரியும் ஒளிர்வு அந்நோய்க்குரிய அடையாளம் ஆயிற்று.

முகநரம்போடு குழப்பம் முடியவில்லை. 1990-களின் தொடக்கத்திலேயே, கால்வாய்க்குள் தெரிந்த சிறு ஒளிர்வைக் கட்டி என்று நம்பி அறுவை செய்த சிலரிடம் அழற்சி மட்டுமே காணப்பட்டதாக மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்தன. கால்வாயின் சுற்றுப்புறத்திலும் கண்ணை ஏமாற்றுபவை பல. மூளையறையில் நீர் சுரக்கும் பின்னலின் ஒரு கொத்து, பக்கத்துத் துளை வழியே வெளியே எட்டிப்பார்த்துக் கால்வாயின் வாய்க்கு அருகில் இயல்பாகவே ஒளிரும்; பிராகு நகரத்து உடற்கூற்றியலாளர் போக்தாலெக்கின் பெயரால் அதைப் பூக்கூடை என்பர், அச்சம் தரும் இடத்துக்கு இவ்வளவு அழகிய பெயர் மருத்துவத்தில் அரிது. பாறை எலும்பின் விளிம்புகளில் ஓடும் சிரைகளும், கழுத்துச் சிரையின் மேல்நுனியில் குமிழாக நிற்கும் பகுதியும் ஒளிரும். எலும்பு மஜ்ஜையின் கொழுப்போ மருந்தே ஏற்றாத படத்திலும் வெளுப்பாகத் தெரியும். ஆகவே மருந்துக்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டாலன்றி, வெளுப்பை ஒளிர்வென்று சொல்வது பிழை.

இயல்புக்கும் நோய்க்கும் இடையே ஒரு கோடு போட்டுவிட்டால் அது அங்கேயே நிற்பதில்லை. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவாகப் பெருகி, மெல்லிய முப்பரிமாண அடுக்குகளாகப் படமெடுக்கும் முறைகள் வந்தபின், 2010-களின் ஆய்வுகள் நலமானவர்களின் குறுகல் பாதையிலும் சிலரது கால்வாய்க் கடைமுனையிலும்கூட மெல்லிய ஒளிர்வைக் கண்டன. 1992-இன் விதி பொய்யாகவில்லை. அது அந்தக் காலத்துக் கருவிக்குரிய விதி என்பது மட்டும் தெரிந்தது. இதற்கு இணையாக, ஊசியே இல்லாமல் நீரை வெள்ளையாகவும் நரம்பைக் கறுப்புப் புள்ளியாகவும் காட்டும் நுண்படமுறை 1990-களிலிருந்து பரவியது. காடோலினியம் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குத் தோல் இறுகும் கொடிய நோயைத் தரக்கூடும் என்பது 2006-இலும், அது மூளையில் சிறிதளவு தங்கிவிடுவது 2014-இலும் வெளிவந்த பின், தேவையின்றி மருந்தேற்றாத வழக்கம் உறுதிப்பட்டது.

மருந்தில்லாத அந்தப் படமுறை தமிழ்நாட்டுக்குப் பெரிதும் உதவுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் தலைமுறைகளாக நிலைத்த இந்நிலத்தில், பிறவிச் செவித்திறன் இழப்பு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தப்படுகிறது. அதற்கு முன் கால்வாயில் கேள்நரம்பு இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அங்கே கேள்வி ஒளிர்வைப் பற்றியது அன்று, அந்தக் கறுப்புப் புள்ளி அதன் இடத்தில் இருக்கிறதா என்பதே.

எழுமலையிலிருந்து மதுரைக்கு வந்து படமெடுத்துத் திரும்புவது இப்போது ஒரு பகல் வேலை. மேற்கு மதுரைச் சீமையில் காது வளர்த்துத் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த தலைமுறையின் மூதாட்டிகள், காந்த அறைக்குள் செல்லுமுன் அவற்றைக் கழற்றி மகள் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பொன்னைக் காந்தம் இழுக்காது எனினும் அது படத்தைச் சிதைக்கும். படத்தோடு தரப்படும் அறிக்கையில் ஒளிர்வு என்ற பொருள்படும் சொல்லைக் கண்டதும் குடும்பத்தார் கட்டி என்று கலங்குவதுண்டு. அச்சொல்லுக்குப் பக்கத்தில் எந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, இயல்பு என்று எழுதியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. ஐயத்துக்கிடமான சிறு ஒளிர்வுக்கு உடனே அறுவை செய்யாமல், சில மாதங்கள் கழித்து மறுபடம் எடுத்து, வளர்ந்திருக்கிறதா மங்கியிருக்கிறதா என்று ஒப்பிடுவதே இன்றைய நடைமுறை. அந்த ஒப்பீட்டுக்குப் பழைய படம் வேண்டும். ஆகவே பரணில் செருகிய அந்தப் பெரிய உறையைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாமல், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.